‘முதலியன’ என்னும் அறை

நம் வீடுகளில் அரிசிக்கு ஓர் இடம், துணிமணிக்கு ஓர் இடம், புத்தகங்களுக்கு ஓர் இடம் என்று பகுத்து வைத்த பிறகும் எந்த வகையிலும் சேராத சில பொருள்கள் எஞ்சி நிற்கும். பூட்டில்லாத சாவி, சாவியில்லாத பூட்டு, வரி கட்டிய ரசீது, முறிந்த குடையின் கைப்பிடி ஆகிய இவற்றையெல்லாம் ஒரு பழைய பெட்டியில் போட்டு வைப்போம். நாளடைவில் வீட்டுப் பத்திரமும் குடும்ப அட்டையும்கூட அதே பெட்டிக்குப் போய்ச் சேரும். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், ஒன்றுக்கும் உதவாதவற்றுக்கென்று ஒதுக்கிய அந்தப் பெட்டியே வீட்டின் உயிர்நிலையாக ஆகியிருக்கும்.

கணினியிலும் அப்படி ஒரு பெட்டி உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலிய அறிஞர்கள் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையே நின்று வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள். அதில் கோப்புகளைத் தொகுத்து வைக்கும் அறைகளுக்கு அடைவுகள் என்று பெயர். இன்னின்ன பொருள் இன்னின்ன அடைவில் இருக்கவேண்டும் என்று வகுத்தபோது, எங்கும் சேராதவற்றுக்கென ஓர் அடைவை வைத்தார்கள். அதற்கு இட்ட பெயர் ‘எட்செட்டரா’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். தமிழில் ‘முதலியன’ என்று சொல்லலாம். கணினித் துறையினர் பலர் அதை ‘எட்சி’ என்று படிக்கிறார்கள். நானும் அவ்வாறே வழங்குகிறேன்.

தொடக்கக் காலத்தில் எட்சியில் சில செயலிகளும் கிடந்தன. பிறகு அவை வேறு இடங்களுக்குப் போயின. மிஞ்சியவை அமைவுக் கோப்புகள் மட்டுமே. இந்தக் கணினியின் பெயர் என்ன, இதில் யார் யாருக்குக் கணக்கு உண்டு, எந்தத் தட்டை எங்கே இணைப்பது, இரவில் எத்தனை மணிக்கு எந்த வேலையைச் செய்வது என்ற குறிப்புகளைத்தான் அமைவுக் கோப்புகள் என்கிறோம். லினக்ஸ் அடைவுகளின் ஒழுங்கை வரையறுக்கும் முதல் ஏடு 1994-இல் வெளிவந்தது. பின்னர் அது விரிவடைந்து, அதன் மூன்றாம் பதிப்பு 2015-இல் வந்தது. எட்சியில் அந்தந்தக் கணினிக்குரிய அமைவுகளே இருக்கவேண்டும். இயங்கும் இருமச் செயலி எதுவும் இருத்தல் கூடாது என்பது அதன் விதி. பழம்பெட்டி பத்திரப் பெட்டியாக ஆன வரலாறு இதுவே.

இது எங்கோ தொலைவில் உள்ளவர்களின் கவலை என்று மாணவ அன்பர்கள் கருத வேண்டா. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் பலவற்றில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இயங்குதளமும் சேர்த்து அளிக்கப்பட்டது. அது சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை அடியாகக் கொண்டு உருவாக்கியது. கடலூர் மாவட்டத்து மாணவர் கைகளுக்கும் அந்தக் கணினிகள் வந்தன. அவ்வாறு வந்த ஒவ்வொன்றிலும் எட்சி என்ற அறையும் கூடவே வந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர் மிகச் சிலரே. அது நமக்கு ஓர் இழப்பு என்றே நான் எண்ணுகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கடிகாரத்தின் சக்கரங்கள் சுழல்வதைக் காட்டியும் பாராமல் மணியை மட்டும் கேட்டுவிட்டுப் போவதைப் போன்றது அது.

கண்ணாடிப் பெட்டி என்றேன். அதற்குக் காரணம் உண்டு. விண்டோஸில் அமைவுகளிற் பெரும்பகுதி ‘ரெஜிஸ்ட்ரி’ என்ற ஒரே பெருங்களஞ்சியத்தில் இருக்கும். அதற்கென உள்ள கருவி இல்லாமல் அதைப் படிக்க இயலாது. எட்சியில் உள்ளவையோ பெரும்பாலும் வெறும் எழுத்துக் கோப்புகள். படிக்கத் தெரிந்த எவரும் திறந்து படிக்கலாம். ‘பாஸ்வேர்டு’ என்று படிக்கும்படியான பெயருடைய கோப்பில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வரி, வரிக்கு ஏழு பகுதிகள், இடையிடையே முக்காற்புள்ளி. வேடிக்கை என்னவெனில், அந்தப் பெயருடைய கோப்பில் இப்போது கடவுச்சொல் இருப்பதில்லை. எல்லோரும் படிக்கக்கூடிய கோப்பில் அதன் மறைவடிவத்தைக்கூட வைத்திருப்பது ஆபத்து என்று கண்டு, ‘ஷேடோ’, அதாவது நிழல் என்ற வேறொரு கோப்புக்கு அதை மாற்றிவிட்டார்கள். நிழற்கோப்பைப் பொறுப்பாளர் மட்டுமே திறக்கலாம்.

இனி, என் பிழையொன்றைச் சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் சிதம்பரத்தை அடுத்த ஒரு கல்வி நிலையத்தில் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு இருந்தது. நான் வசித்தது கடலூரில். அக்கூடத்தின் நடுநாயகமாக லினக்ஸ் சேவையகம் ஒன்று. மாணவர்களின் வேலையெல்லாம் அதில்தான் சேமிப்பாகும். காப்புப் பிரதி எடுப்பதற்காக ஒரு நாள் அதில் ஒரு வெளித்தட்டை இணைத்தேன். எந்தத் தட்டை எங்கே பொருத்துவது என்று கூறும் ‘எஃப்ஸ்டேப்’ என்ற கோப்பு எட்சியில் உண்டு. அதில் ஒரு வரி சேர்த்தேன். வேலை முடிந்தது, தட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு கடலூருக்கு வந்துவிட்டேன். வரியை நீக்க மறந்தேன். வரி எழுதியதையே மறந்தேன்.

அதனால் உடனே ஒன்றும் நேரவில்லை. அதுதான் இத்தகைய பிழைகளின் இயல்பு. கணினி நிற்காமல் ஓடும் வரையில் அந்த வரியை எவரும் படிக்கப்போவதில்லை. மூன்று வாரம் கழித்து இரவில் மின்சாரம் போய் வந்தது. சேவையகம் மீண்டும் எழுந்தது, எஃப்ஸ்டேப்பைப் படித்தது, இல்லாத தட்டுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்தது, பிறகு அவசர நிலை என்று அறிவித்து, பொறுப்பாளரின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிட்டது. அந்தக் கடவுச்சொல் எனக்கு மட்டுமே தெரியும். அன்று காலை பத்து மணிக்குள் இறுதியாண்டு மாணவர் 42 பேர் தங்கள் ஆய்வேட்டை அளிக்கவேண்டும். ஏடுகள் எல்லாம் சேவையகத்துக்குள்ளே இருந்தன.

கூடத்து உதவியாளர் ஏழு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். “சார், பெரிய கணினி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கறுப்புத் திரையில் நாலு வரி நிற்கிறது. பிள்ளைகள் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்” என்றார். திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் ரயிலேறினேன். ஆலப்பாக்கமும் பரங்கிப்பேட்டையும் கிள்ளையும் அன்றுபோல் என்றும் எனக்குத் தொலைவில் இருந்ததில்லை.

கூடத்தை அடைந்து, கடவுச்சொல் இட்டு, எட்சிக்குள் நுழைந்தேன். எஃப்ஸ்டேப் என்ற கோப்பின் அருகில் அதன் பெயரை ஒட்டி வேறு மூன்று கோப்புகள் இருந்தன. ஒன்றின் பெயர் ‘பழையது’. ஒன்றின் பெயர் ‘புதியது’. மூன்றாவதன் பெயர் ‘புதியது இரண்டு’. மூன்றையும் உண்டாக்கியவன் நானே. எது எப்போது எதற்காக உண்டாயிற்று என்பது எனக்கு நினைவில்லை. பதற்றத்தில் ‘பழையது’ நல்லதாகத்தான் இருக்கும் என்று துணிந்து, அதை மூலக் கோப்பின்மேல் பதிந்துவிட்டேன். அது உண்மையில் மிகப் பழையது. மாணவர் கோப்புகள் இருந்த தட்டை நாங்கள் மாற்றுவதற்கு முன்னிருந்த நிலை அது. முன்பு ஒரு வரி பிழையாக இருந்தது. இப்போது கோப்பே பிழையாகிவிட்டது.

மணி பத்தை நெருங்கியது. வாசலில் இருந்த மாணவர்களுள் ஒருத்தி, தன் செய்முறைக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். “சார், போன பருவத்தில் இந்தக் கோப்பைப் பார்த்து எழுதச் சொன்னீர்களே, இதில் இருக்கிறது” என்றாள். ஆறு பத்திகளாகக் கோடு கிழித்து, தட்டின் அடையாளம், பொருத்தும் இடம், கோப்பு முறையின் வகை, விருப்பங்கள் என்று எழுதியிருந்தாள். தட்டின் அடையாளம் என்பது எழுத்தும் எண்ணும் இடைக்கோடும் கலந்த 36 குறிகள் கொண்டது. அதையும் முத்து முத்தாக எழுதியிருந்தாள். அவள் படிக்க, நான் தட்டினேன். ஓரிடத்தில் எட்டுக்குப் பதிலாக மூன்றைத் தட்டிவிட்டேன்; அதையும் அவளே கண்டாள். சேவையகம் எழுந்தது. ஏடுகளைப் பிற்பகல் வரை ஏற்றுக்கொள்ளத் துறைத் தலைவர் இசைந்தார்.

இத்துறை அறிந்தவர் எவரேனும் கேட்டுக்கொண்டிருந்தால், “பிளாக்-ஐடி என்ற கட்டளையை இட்டிருந்தால் அந்த அடையாளத்தைக் கணினியே சொல்லியிருக்குமே” என்று நகைப்பார்கள். உண்மைதான், அப்போது தோன்றவில்லை. தட்டில்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ எழுந்து வா என்று கணினிக்குச் சொல்லும் ‘நோஃபெயில்’ என்ற ஒரு சொல்லை அந்த வரியில் முதலிலேயே சேர்த்திருந்தால் எதுவும் நேர்ந்திராது என்பதும் உண்மை. ஆனால் எனக்கு உறைத்தது வேறு. அந்தப் பெண்ணின் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நாளும் நோக்கமும் எழுதப்பட்டிருந்தன. என் மூன்று கோப்புகளிலும் அவ்விரண்டும் இல்லை.

அன்று முதல் எட்சியை எப்படி ஒழுங்கு செய்வது என்பதை ஒரு பாடமாகவே படிக்கலானேன். அறிந்தவற்றுள் முதன்மையானது, ஆக்கியோர் தந்ததையும் நாம் மாற்றியதையும் ஒரே கோப்பில் கலக்கலாகாது என்பதே. புதிய பதிப்பு வரும்போது டெபியன் வழிவந்த இயங்குதளம், ஒரு கோப்பை நாம் திருத்தியிருக்கிறோமா என்று தான் முன்பு குறித்துவைத்த சுருக்கக் கையொப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். திருத்தியிருந்தால், “உம்முடையதை வைத்துக்கொள்வதா, எம்முடையதை ஏற்பதா?” என்று வினவும். மரியாதையுள்ள வினாதான். ஆனால் 400 வரியுள்ள கோப்பில் நாம் திருத்தியது இரண்டு வரி என்றால், நம்முடையதை வைத்துக்கொண்டால் அவர்கள் செய்த நன்மைகளை இழப்போம். அவர்களுடையதை ஏற்றால் நம் இரண்டு வரிகளை இழப்போம்.

இந்த இக்கட்டுக்குக் கண்ட வழி அழகானது. பெரிய கோப்பைத் தொடாமல் விட்டுவிட்டு, அதன் அருகே அதே பெயரோடு ‘புள்ளி டி’ என்ற ஈறு சேர்ந்த ஓர் அடைவை வைக்கிறார்கள். நம் இரண்டு வரியைத் தனிக் கோப்பாக எழுதி அதற்குள் இட்டுவிட்டால், கணினி முதலில் பெரியதையும் பிறகு நம்முடையதையும் படித்துக்கொள்ளும். சிஸ்டம்-டி என்ற நிர்வாக மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஆக்கியோர் தருவதை எட்சிக்கு வெளியே ‘யூஎஸ்ஆர்’ என்ற அடைவில் வைத்துவிட்டது. அதே பெயரில் எட்சியில் நாம் ஒன்று எழுதினால், நம் சொல்லே வெல்லும். உரைநூல் எழுதியவர்கள் மூலத்தின் வரிகளுக்கிடையே தம் கருத்தை நுழைக்காமல், மூலத்தைத் தனியே நிறுத்தி உரையைத் தனியே எழுதினார்களே, அந்த நாகரிகம்தான் இது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மாணவர்கள் இடறி விழும் இடமும் இதுவே. ‘புள்ளி டி’ அடைவுக்குள் பல கோப்புகள் இருந்தால், அவற்றைப் பெயரின் எழுத்து வரிசைப்படி கணினி படிக்கும். பல செயலிகளில் பின்னால் வருவது முன்னால் வந்ததை மாற்றிவிடும். ஆகவே பெயர்களின் தொடக்கத்தில் 10, 50, 99 என்று எண்ணிடுவது வழக்கம். ஆனால் அகராதி எழுதுவோர் போலக் கணினி இவற்றை எழுத்தாகத்தான் பார்க்கிறது. 100 என்று தொடங்கும் கோப்பை 20-க்கு முன்னால் படித்துவிடும். ஒன்றை அடுத்து சுழி வருகிறது, இரண்டோ அதற்குப் பிந்தியது. இரண்டு இலக்கம் என்று தொடங்கினால் இறுதி வரை இரண்டு இலக்கத்திலேயே நிற்கவேண்டும். அன்றியும், சில அடைவுகளில் கோப்பின் பெயருக்குள் புள்ளி இருந்தால் அதைக் கணினி படிப்பதே இல்லை. யார் யார் பொறுப்பாளரின் அதிகாரத்தைப் பயன்படுத்தலாம் என்று கூறும் ‘சூடோயர்ஸ்’ அடைவு அத்தகையது. அதைத் திருத்துவதற்கென்றே ‘வி-சூடோ’ என்ற கருவி இருக்கிறது. பிழையிருந்தால் சேமிக்கும் முன்பே எச்சரிக்கும். பூட்டைப் பழுது பார்க்கும்போது சாவி வீட்டுக்குள் அகப்பட்டுக்கொள்ளாமல் காப்பதற்கு அது.

வரிசையைப் பற்றிப் பேசும்போது தில்லையை நினையாமல் இருக்க முடியாது. தேவார ஏடுகள் சிதம்பரத்துக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்றும், கதவைத் திறந்து பார்த்தபோது கறையான் அரித்தது போக எஞ்சியவையே கிடைத்தன என்றும், அவற்றைத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி முறைப்படுத்தினார் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அவர் வகுத்ததாகச் சொல்லப்படும் ஒழுங்கில் முதல் மூன்று சம்பந்தருடையவை, அடுத்த மூன்று அப்பருடையவை, ஏழாவது சுந்தரருடையது. அதற்குள்ளே பண்ணும் பாவகையும் பற்றிய பகுப்பு. ஓதுவார்க்கு அது மிகப் பொருத்தம். ஆனால் ஒரு தலத்துக்குச் செல்லும் அடியார் என்ன செய்வார்? திருப்பாதிரிப்புலியூருக்குச் சம்பந்தர் பாடியது இரண்டாம் திருமுறையில் இருக்கிறது. அப்பர் பாடியது நான்காம் திருமுறையில் இருக்கிறது. ஆகவே தலமுறை என்ற வேறோர் ஒழுங்கும் தோன்றிற்று. மூவர் பாடல்களையும் சேர்த்த தலமுறைப் பதிப்பில் கோயில் எனப்படும் சிதம்பரம் முதலில் வரும். திருப்பாதிரிப்புலியூர்ப் பாடல்கள் இரண்டும் ஓரிடத்தில் கிடைக்கும். பாடல் ஒன்றே, அடுக்கும் வழி இரண்டு.

எட்சியிலும் அதே சிக்கல். செயலிதோறும் ஓர் அடைவு என்று வைப்பது பண்முறை போன்றது. ‘வலையிணைப்பு பற்றியன எல்லாம் எங்கே?’ என்று கேட்பவருக்கு அது உதவாது. ஓலையில் இரண்டு ஒழுங்கு வேண்டுமானால் இரண்டு முறை எழுதவேண்டும். இரண்டு படிகளுள் ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்தால் பாடபேதம் பிறக்கும். கணினியில் அந்தத் துன்பம் இல்லை. ஒரு கோப்பை ஓரிடத்தில் வைத்து, மற்றோரிடத்தில் அதைச் சுட்டும் இணைப்பை மட்டும் வைக்கலாம். அப்பாச்சி என்ற வலைச் சேவையகத்தை டெபியனில் பாருங்கள். இருக்கின்ற தளங்களின் அமைவெல்லாம் ஓர் அடைவில். இப்போது செயற்படும் தளங்களுக்கான சுட்டிகள் மட்டும் இன்னோர் அடைவில். ஒரு தளத்தை நிறுத்த விரும்பினால் சுட்டியை எடுத்துவிட்டால் போதும், எழுதியது அழிவதில்லை.

இனி நாளும் நோக்கமும். இவற்றுக்கு ‘பழையது’, ‘புதியது’ என்று பெயரிடும் என் முறை உதவாது என்பதைப் பார்த்தோம். டெபியன் தொண்டராக இருந்த ஜோயி ஹெஸ் என்பவர் ‘எட்சி-கீப்பர்’ என்ற கருவியை எழுதி அளித்திருக்கிறார். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் என்ற பதிப்புக் கணக்கு முறையை அது எட்சிக்குப் பொருத்திவிடுகிறது. மென்பொருளை நிறுவும்போதும் நீக்கும்போதும், அன்றியும் நாள்தோறும் ஒரு முறை, எட்சியின் நிலையை அது தானே பதிந்துகொள்ளும். எந்த வரி எந்த நாளில் மாறிற்று என்று பின்னர் கேட்டால் காட்டும். கோப்பை யார் திறக்கலாம், யார் எழுதலாம் என்ற உரிமைகளைக் கிட் முழுமையாகக் குறித்துக்கொள்வதில்லை; அந்தக் குறையையும் இது நிரப்புகிறது. ஆனால் நோக்கத்தைக் கருவி எழுதாது, நாம்தான் எழுதவேண்டும். ‘மாற்றினேன்’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘காப்புப் பிரதிக்காக வெளித்தட்டு, வேலை முடிந்ததும் இவ்வரியை நீக்குக’ என்று எழுதியிருந்தால், அன்று காலை 42 பேர் வாசலில் அமர்ந்திருக்க மாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எட்சி முழுவதையும் பதியும்போது நிழற்கோப்பும் அதில் அடங்கும். வலையிணைப்பின் கடவுச்சொற்களும் அடங்கும். அந்தப் பதிவேட்டை நண்பர்களுக்குக் காட்டுவதற்காகப் பொதுத் தளத்தில் ஏற்றிவிட்டால், வீட்டுச் சாவியைத் தெருவிளக்கில் மாட்டிவிட்டுப் போவது போலாகும்.

இவற்றையெல்லாம் பழகிப் பார்க்கப் பெரிய சேவையகம் தேவையில்லை. பரணில் கிடக்கும் பழைய மடிக்கணினி போதும். அதில் ஏதேனும் ஒரு லினக்ஸை நிறுவி, எட்சிக்குள் சென்று ‘ஹோஸ்ட்நேம்’ என்ற கோப்பைத் திறவுங்கள். ஒரே ஒரு வரிதான் இருக்கும். அது கணினியின் பெயர். அங்கிருந்து தொடங்கலாம். படிப்பதால் எதுவும் கெடாது. திருத்துவதற்கு முன் பதிந்துகொள்ளுங்கள். திருத்திய பின், துணிந்து ஒரு முறை கணினியை நிறுத்தி எழுப்பிப் பாருங்கள். இந்தக் கடைசிச் செயலைப் பலரும் செய்வதில்லை. நானும் செய்யவில்லை. செய்திருந்தால், என் பிழை மூன்று வாரம் ஒளிந்திராமல் அன்று மாலையே வெளிப்பட்டிருக்கும்.

அந்தக் கூடத்தில் நான் இருந்த வரையில், எஃப்ஸ்டேப்பில் அந்த வரியை அழிக்காமல் வைத்திருந்தேன். அதன் முன்னால் ‘ஹாஷ்’ குறி இட்டுவிட்டால் கணினி அதைப் படிக்காமல் கடந்து போகும்; மனிதர் மட்டுமே படிப்பர். அதன்மேல் நாளையும் காரணத்தையும் எழுதி, எந்தக் குறிப்பேட்டிலிருந்து இந்தக் கோப்பு மீண்டது என்பதையும் எழுதினேன். பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்த நாளில் அவர் முதலில் கேட்டது அந்த நான்கு வரிகளைப் பற்றித்தான்.